ஐந்துக்கு ஐந்து

ராஜபாளையமும், 2025 மே 25ஆம் தேதி எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கிய இடமும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. நடுவில் மலை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளம், ஆலப்புழைக் கரையைத் தாண்டினால் கொஞ்சம் கடல். நேர்கோட்டில் நூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம்தான் இருக்கும். வரைபடத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தபின் அந்தச் செய்தி எனக்கு வேறு மாநிலத்துச் செய்தியாக இல்லாமல் போய்விட்டது. இந்த வட்டாரத்தில் கடல் என்பது கேள்விப்படுகிற ஒரு பொருள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவர்களுக்கு அது மார்கழி விடியலில் ஒலிபெருக்கி வழியாக வருவது, திருப்பாவையின் நான்காம் பாட்டில் மழைமேகம் இறங்கி நீர் அள்ளுகிற இடம். ராஜபாளையத்து மில்காரர்களுக்குத் தூத்துக்குடி என்கிற ஊர்ப்பெயர். பஞ்சு இறங்குவதும் நூல் ஏறுவதும் அங்கே. அந்தக் கப்பலில் 640 கன்டெய்னர்கள் இருந்தன. 13இல் ஆபத்தான சரக்கு. அவற்றுள் 12இல் கால்சியம் கார்பைடு. கார்பைடு கல்லை இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெல்டிங் பட்டறை வாசலில் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் குழம்பாகக் கொட்டிக் கிடக்கும். சட்டம் தடை செய்த பிறகும் சப்பட்டை, பஞ்சவர்ணம் மாம்பழ சீசனில் காகிதப் பொட்டலமாகிக் கூடைக்குள் ஒளிந்துகொள்ளும். தண்ணீர் பட்டதும் சீறும், பூண்டு கெட்டுப்போனது மாதிரி ஒரு நெடி எழும். அந்த வாயு தீக்குச்சிக்குக் காத்திருக்கும். ஒரு பொட்டலம் என்ன செய்யும் என்று சின்னப் பையன்களுக்குக்கூடத் தெரிந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, பன்னிரண்டு கன்டெய்னர் கல் கடல்நீருக்குள் போனதைப் படிக்கும்போது ஒரு கேள்வி வந்தது. அது இன்னும் போகவில்லை. இருபத்தெட்டு வருடம் ஓடித் தேய்ந்த கப்பலில், பருவமழை தொடங்கும் வாரத்தில், இந்தச் சரக்கு போகலாம் என்று யாரோ எடைபோட்டுச் சொல்லியிருப்பார்கள் அல்லவா? அவர் எதை எதோடு வைத்து எடை போட்டார்?

கப்பல் உலகில் அதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. கடலை விட்டுக் கரையேறிய கேப்டன்களும் இன்ஜினியர்களும் சென்னையிலும் மும்பையிலும் அலுவலகம் வைத்துச் செய்கிறார்கள். புதிதாக ஒரு ஜெட்டி கட்ட வேண்டும், இதுவரை வராத நீளத்தில் ஒரு கப்பலை உள்ளே கொண்டுவர வேண்டும், வழக்கமில்லாத ஒரு சரக்கை ஏற்ற வேண்டும் என்றால் அவர்களை அழைப்பார்கள். நீரோட்டம், காற்று, ஆழம், இழுவைப் படகுகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் பார்த்துக் கடைசியில் அவர்கள் வந்து நிற்பது ஒரு சதுரத்தில். ஐந்து வரிசை, ஐந்து பத்தி. ஒரு பக்கம் நடக்க எவ்வளவு வாய்ப்பு, மறுபக்கம் நடந்தால் எவ்வளவு சேதம். இரண்டையும் பெருக்கி வருகிற எண்ணுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம். இதே தாளை இங்கே எந்த மில்லின் சேஃப்டி ஆபீசர் அறையிலும் பார்க்கலாம். வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிற வாரத்தில் அது புதிதாக லேமினேட் ஆகும். கடலில் இதை முறைப்படுத்தியதற்குப் பின்னால் பிணங்கள் உண்டு. 1988இல் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தபின்தான், நடந்த பிறகு விதி எழுதுவதைவிட நடப்பதற்கு முன் கணக்குப் பார்ப்பது மேல் என்ற எண்ணம் கப்பல் தொழிலிலும் வலுத்தது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2002இல் அதற்கு வழிமுறை வகுத்தது. ஒரு உயிரிழப்பைத் தவிர்க்க எவ்வளவு வரை செலவழிப்பது நியாயம் என்பதற்கு அதில் ஒரு தொகைகூட உண்டு: சுமார் 30 லட்சம் டாலர். அதைக் கொடுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொகை எழுதாத இடங்களில் உயிரின் விலை பூஜ்யமாகவே இருந்து வந்திருக்கிறது. சிவகாசி இருக்கிற எங்கள் மாவட்டத்துக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். என்னை உறுத்துவது அந்தப் பெருக்கல். அடிக்கடி நடக்கும், சேதம் அற்பம் என்றால் ஐந்து பெருக்கல் ஒன்று. நடக்கவே நடக்காது, நடந்தால் துறைமுகமே போய்விடும் என்றால் ஒன்று பெருக்கல் ஐந்து. விரலில் கீறல் விழுவதும் ஊர் அழிவதும் ஒரே எண், சில தாள்களில் ஒரே நிறம். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை; கடைசிப் பத்தியை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் எண் ஒன்று கிடைத்துவிட்டால் மனித மனம் அத்துடன் நிம்மதியாகிவிடுகிறது.

அந்தச் சதுரம் தன்னளவில் சரியாகவே இருந்து, எல்லாரும் அவரவர் சதுரத்தைச் சரியாகவே நிரப்பி, அதனாலேயே அழிவு வந்ததும் உண்டு. 2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற கப்பல் கொழும்புக்கு வெளியே எரிந்தது. எல்சாவைப் போலக் கிழட்டுக் கப்பல் அல்ல. கடலில் இறங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அதில் நைட்ரிக் அமிலம் ஏற்றிய ஒரு கன்டெய்னர் கசிந்துகொண்டிருந்தது மாலுமிகளுக்கு முன்பே தெரியும். கத்தாரின் ஹமத் துறைமுகத்தில் இறக்கித் தரக் கேட்டார்கள், நடக்கவில்லை. குஜராத்தின் ஹஜீராவில் கேட்டார்கள், அங்கும் நடக்கவில்லை. ஒழுகுகிற அமிலப் பெட்டியைக் கையாள வசதியும் ஆளும் வேண்டும். இல்லாத இடத்தில் வேண்டாம் என்று ஒரு துறைமுகம் சொல்வதில் தப்புக் காண்பது கடினம். அந்தந்தத் துறைமுகத்தின் சதுரத்தில் அது சிவப்பு, மறுத்ததும் பச்சையாகிவிட்டது. சிவப்பு எங்கே போனது? கப்பலோடு கிளம்பித் தெற்கே போனது. மே 20ஆம் தேதி தீ. ஜூன் 2ஆம் தேதி கப்பல் அடியில் உட்கார்ந்தது. ஆயிரத்து அறுநூறு டன்னுக்கு மேல் பிளாஸ்டிக் குருணை கடலில் சிதறி, ஜவ்வரிசியைக் கொட்டியதுபோல், நீர்கொழும்புப் பக்கத்துக் கரைகளில் ஒதுங்கியது. செத்த ஆமைகள் ஒதுங்கின. கடலுக்குப் போகக்கூடாது என்று மீனவர்களைத் தடுத்தார்கள். நான்கு வருடம் கழித்து எல்சாவின் குருணையை அதே மாதிரிக் கன்னியாகுமரிக் கரையில் அள்ளினார்கள். ஆபத்தைக் கணிப்பது என்று நாம் சொல்வதில் பாதி, அதை நம் எல்லைக்கு வெளியே தள்ளி வைப்பதுதானோ என்று அப்போதிருந்து எனக்கு ஒரு சந்தேகம். தள்ளப்பட்டது போய்ச் சேருகிற இடத்தில் பெரும்பாலும் சதுரம் போட ஆள் இருப்பதில்லை.

இதற்கு நேர்மாறாக ஒரு மனிதனை நான் கொஞ்ச காலம் மனதுக்குள் வளர்த்து வைத்திருந்தேன். பனிக்கடலில் கப்பலுக்கு வழி சொல்கிற பைலட். துருவக் கடல்களுக்கென்று 2017 ஜனவரி 1 முதல் ஒரு சர்வதேச விதித்தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. கணக்கு அங்கும் உண்டு. கப்பலின் உடல் எவ்வளவு வலு, எதிரே இருக்கும் பனி என்ன வகை என்பதற்கு ஒரு மதிப்பெண். கடற்பரப்பைப் பத்துப் பங்காக வைத்து, ஒவ்வொரு வகைப் பனியும் எத்தனை பங்கு என்று பார்த்து, பெருக்கிக் கூட்ட வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் ஜாக்கிரதை. மைனஸ் பத்துக்கும் கீழே என்றால் மறுபடி உட்கார்ந்து யோசிக்காமல் போகக்கூடாது. ஆனால் அந்தக் கணக்குக்குள் போடுகிற முதல் எண்ணைக் கண்தான் தர வேண்டும். தூரத்தில் மேகத்தின் அடிவயிறு வெளுத்து மின்னினால் அதன் கீழே பனி. கறுத்துத் திட்டாகத் தெரிந்தால் அங்கே திறந்த நீர். ஒரு குளிர்காலத்தில் உறைந்த பனியில் உப்பு இருக்கும், கொஞ்சம் மெத்து. பல வருடம் கரையாமல் கிடந்த பனி உப்பை உதிர்த்து, நீலம் பாரித்து, இரும்பாகிவிடும். நிலத்திலிருந்து உடைந்து விழுந்த பனி அதைவிடக் கடினம். லாரியளவுத் துண்டு நீர்மட்டத்துக்கு மேல் மேசையளவே தலை காட்டும், அலை எழுந்தால் ரேடாரில் தெரியாமலும் போகும். 1981 டிசம்பர் 6இல் எஸ். இசட். காசிம் தலைமையில் முதல் இந்தியக் குழு கோவாவிலிருந்து அண்டார்டிகாவுக்குப் புறப்பட்டது போலார் சர்க்கிள் என்ற நார்வேக் கப்பலில். பிற்பாடும் அந்தப் பயணங்களுக்கு நாம் கப்பலை வாடகைக்கு எடுத்தபோது, அந்தக் கண்களையும் சேர்த்தே வாடகைக்கு எடுத்தோம். தாளில் இருக்கிறவர்கள் வேறு, பார்க்கத் தெரிந்தவன் வேறு என்று எனக்கு ஒரு வசதியான கதை கிடைத்திருந்தது. அந்தக் கதையை எக்ஸ்புளோரர் கெடுத்தது. 2007 நவம்பர் 23 அன்று அண்டார்டிகத் தீவுகளுக்கு அருகில் மூழ்கிய சுற்றுலாக் கப்பல் அது, பனிக்கென்றே கட்டப்பட்டது. 154 பேரும் பிழைத்தார்கள், சில மணி நேரத்தில் இன்னொரு கப்பல் வந்துவிட்டதால். கேப்டன் பால்டிக் பனியில் பழுத்த அனுபவசாலி என்றும், எதிரே நின்றதை ஒரு வருடப் பனி என்று நினைத்தார், அது நிலத்துப் பனி என்றும் விசாரணை அறிக்கை சொன்னது. ஒரு கடலில் பழகிய கண் இன்னொரு கடலில் பொய் சொல்லும். அனுபவசாலியின் கண்ணை வழிபடுவதும் எண்ணை வழிபடுவதைப் போலத்தான். இருந்தாலும் அறிக்கையில் ஒரு வித்தியாசம் கவனித்தேன். தவறு எந்த இடத்தில் நடந்தது என்று அதில் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. தவறியவரும் அதே குளிரில் இறங்கியவர்.

பைலட் என்கிற வேலையே விநோதமானது. கப்பல் யாருடையதோ, சரக்கு யாருடையதோ. இவர் நடுவில் கயிற்றேணி பிடித்து ஏறி வருவார், திசை சொல்வார், வேகம் சொல்வார், வேலை முடிந்ததும் இறங்கிவிடுவார். ஆனாலும் பொறுப்பு கேப்டனிடமிருந்து இவரிடம் கைமாறுவதில்லை. பனாமா கால்வாய் போன்ற ஓரிரு இடங்கள் விலக்கு. யோசனை ஒருவர், உத்தரவு ஒருவர். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் நின்று பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வடம் பிடிக்கிற ஆயிரக்கணக்கானோருக்குத் தேர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியாது. அவர்கள் முதுகுக்குப் பின்னால் அது வருகிறது. திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தின் அடியில் கட்டை கொடுக்கிற சில பேர். உருளும் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் குனிந்து, கட்டையைச் செருகிக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தபிறகு தேர் சீக்கிரம் நிலைக்கு வந்துவிடுகிறது, பயம் குறைந்திருக்கிறது என்கிறார்கள், நல்லதுதான். ஆனால் பிரேக் வந்த பிறகும் கட்டை போடுகிறவர்களை யாரும் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. தேருக்கு மேலே நிற்கிறவருக்கும் கட்டைக்காரருக்கும் நடுவே ஒரு கூக்குரல் வழக்கம் இருக்கிறது. வெளியாளுக்கு அது வெறும் சத்தம்.

கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதுதான் ஆபத்து என்று நினைப்பது, ஆபத்தைக் கடலிலேயே விட்டுவர நமக்குப் பிடித்திருப்பதால். பஞ்சும் வெடிமருந்தும் ஒரே கப்பலில் ஏறிய கதை ஒன்று இருக்கிறது. ராஜபாளையத்துக்கும் சிவகாசிக்கும் நடுவில் வாழ்கிறவன் அதைத் தாண்டிப் போக முடியாது. ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பல் 1944 பிப்ரவரியில் இங்கிலாந்திலிருந்து கிளம்பியது. சுமார் 1,400 டன் வெடிபொருளும் தங்கக் கட்டிகளும் இருந்தன. கராச்சியில் காலியான இடத்தில் 8,700 பேல் பஞ்சும், எண்ணெய்ப் பீப்பாய்களும், மரமும், கந்தகமும் ஏற்றினார்கள். கேப்டன் ஆட்சேபித்தார், போர்க்காலம், கப்பல் கிடைக்காது, ஏற்று என்றார்கள். கப்பலின் இரண்டாம் சரக்கு அறையில் அடியில் பஞ்சு, அதற்கு மேல்தட்டில் வெடிமருந்து. ஏப்ரல் 12இல் பம்பாய்க்கு வந்தபோது, ஆபத்தான சரக்கு இருப்பதைக் காட்டும் சிவப்புக் கொடி ஏற்றப்படவில்லை. 14ஆம் தேதி மதியம் பஞ்சில் புகை. அணையாத சிகரெட்டாக இருக்கலாம் என்று பின்னால் சொன்னார்கள். பஞ்சுத் தீ எப்படிப்பட்டது என்று எங்கள் மில்களில் பஞ்சு பிரிக்கிற புளோ ரூமில் நின்றவர்கள் சொல்வார்கள்: அமுக்கிக் கட்டிய பேல் மேலே நனைந்து உள்ளே கனன்றுகொண்டிருக்கும், பிரித்துப் போட்டுத்தான் அணைக்க வேண்டும். பம்பாயில் தண்ணீரைக் கொட்டினார்கள். அறைக்குள் நீர் உயர, எரியும் பஞ்சு மிதந்து மேலே போனது. மேலே இருந்தது வெடிமருந்து. மூழ்கடித்துவிடுவதா, வெளியே இழுத்துப் போவதா, இன்னும் தண்ணீர் அடிப்பதா என்று அதிகாரிகள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். முடிவெடுக்க ஒரே ஆள் என்று யாரும் இல்லை. மாலை 4.06க்கு வெடித்தது. சிம்லாவில் நிலநடுக்கக் கருவி பதிவு செய்தது. இறந்தவர்கள் பல நூறு பேர். அறுபதுக்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் குழாயைப் பிடித்தபடியே போனார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்ததும் இதனால்தான் எனக்கு அதே கதையாகத் தோன்றுகிறது. செத்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. புகையைப் பார்த்து, காப்பாற்றலாம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து ஓடி வந்தவர்கள். ஓடி வருகிறவர்களுக்கு எந்த ஐந்துக்கு ஐந்திலும் இடம் கிடையாது. சேதம் என்ற பத்தியில் சொத்து, தொழிலாளர், சுற்றுச்சூழல், நிறுவனத்தின் நற்பெயர் வரை போட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, கணிப்பே வேண்டாம் என்று முடிக்கலாமா? முடியாது. 2024 மார்ச் 26 அதிகாலை பால்டிமோரில் டாலி என்ற கப்பல் மின்சாரம் போய்ப் பாலத்தூணில் மோதியது. மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். கப்பலில் இருந்த பைலட்டுகள் சொன்ன எச்சரிக்கை கரைக்குப் போனதும், பாலத்துக்கு வரும் வாகனங்களைப் போலீஸ்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சில நிமிடங்கள் எத்தனை உயிரைக் காத்தன என்று கணக்கில்லை. ஆனால் பாலத்தின் மேல் இரவு வேலையாகக் குழிகளை அடைத்துக்கொண்டிருந்தவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். அவர்களுக்குச் செய்தி சேரவில்லை. பாலம் 1977இல் திறந்தது. அதன்பின் கப்பல்கள் பல மடங்கு பெருத்துவிட்டன. முக்கியப் பாலங்களுக்கு அனுமதிக்கத்தக்க ஆபத்து அளவைப்போல் அங்கே ஏறத்தாழ முப்பது மடங்கு இருந்தது என்று மறுவருடம் அமெரிக்க விசாரணை வாரியம் கணக்குப் போட்டுச் சொன்னது. அந்தக் கணக்கைப் பாலத்தின் சொந்தக்காரர்கள் முன்பே போட்டிருக்கலாம். சூத்திரம் பல வருடமாகக் கையில் இருந்தது. போடவில்லை. எனவே எனக்குச் சதுரத்தின்மேல் கோபம் இல்லை. அதைப் போடாமல் இருப்பது குற்றம். போட்டவர் அதற்குள் தன்னைத் தவிர வேறு யார் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் இருப்பதும் குற்றம். இரண்டாவதற்கு விசாரணை வாரியம் கிடையாது.

இங்கிருந்து கடல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஆனால் இங்கே மில் முற்றத்தில் கன்டெய்னர் கதவு சாத்தி சீல் வைக்கிற இடத்தில்தான் ஒரு கப்பலின் பயணம் பாதி தீர்மானமாகிறது. ஈரப் பஞ்சுக்கும் எண்ணெய் பட்ட கழிவுப் பஞ்சுக்கும் கடல்வழிச் சரக்கு விதிகளில் தனித்தனி எண்கள் உண்டு, 1365, 1364. இரண்டும் தானே சூடாகித் தீப்பிடிக்கும் வகையில் வருபவை. மெஷின் துடைத்த வேஸ்டும் நல்ல வேஸ்டும் ஒரே சாக்கில் போகிறதா என்பது கப்பல் கேப்டனுக்குத் தெரிய வழியே இல்லை. குடோனில் சுமை தூக்குகிறவருக்குத் தெரியும். தோளில் ஏற்றும்போதே சூடும் ஈரமும் தெரிந்துவிடும். படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அவரைச் சந்திப்பதே இல்லை. பம்பாயில் இறந்த அந்த வீரர்கள் நினைவாகத்தான் நாடு முழுவதும் ஏப்ரல் 14 தொடங்கித் தீத்தொண்டு வாரம் நடக்கிறது. அன்று பெரும்பாலும் தமிழ்ப் புத்தாண்டு, மில்லுக்கு விடுமுறை. ஆகையால் ஒத்திகை அந்த வாரத்தில் வேறொரு நாளுக்குப் போய்விடும். தகரத்தில் கொஞ்சம் டீசல் ஊற்றிக் கொளுத்தி, நுரை அடித்துக் காட்டி, போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மில்களில் பொறுப்பில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: அடுத்த ஏப்ரலில் அந்தத் தகரத்தைக் கொளுத்துவதற்கு முன் பேல் குடோனுக்கு நடந்து போய், அங்கே வேலை பார்க்கிறவர்களிடம் எந்தப் பேல் சூடாக இருக்கிறது என்று கேளுங்கள். தாளை அதற்குப் பிறகு நிரப்பலாம்.